மாதிரி அம்மாளின் ஆதார் எண்

போன் வந்தபோது ஜெராக்ஸ் அக்கா லேமினேஷன் மெஷினில் ஒரு வருமானச் சான்றிதழைச் சொருகிக்கொண்டிருந்தார். பாதியில் விட்டால் சுருங்கிப்போகும் என்பதால், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினார்.

“யக்கா, காவலூர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கது நீங்கதானா?”

தெற்கத்திக் குரல். இந்த மலையில் கேட்டறியாத பேச்சு.

“நான் தூத்துக்குடியில லாரி ஓட்டுதேன். ஒங்க ஊர் ஆச்சி ஒருத்தவ பத்து நாளா எனக்கு போன் போடுதாவ. ‘ஐயா, என் பென்சன் என்னாச்சு’ங்காவ. நான் ஆபீசர் இல்ல ஆச்சின்னா நம்ப மாட்டேங்காவ. நேத்து அவுக பேரன் பேசுனான். என் நம்பர் ஒங்க கடையில தொங்குதாமே?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஆமாம், தொங்கியது. கல்லாவுக்கு மேலே, சணல் கயிற்றில், லேமினேட் செய்த ஒரு தாள். முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று காட்ட அவரே நிரப்பி மாட்டிய மாதிரிப் படிவம். அதில் கைப்பேசி எண் என்ற கட்டத்தில், 98 என்று ஆரம்பித்து, வாயில் வந்த எட்டு இலக்கங்களை எழுதியிருந்தார். அன்றைக்கு அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையில் ஏறி வந்தால் காவலூர். வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொன்னால் வைணு பாப்பு வானாய்வகம்தான் ஞாபகம் வரும். 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி, 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தது. ஊருக்குள் இருப்பவர்களுக்கோ நினைப்பெல்லாம் சாமை, புளி, கடுக்காய், ரேஷன், பஸ். எதற்கென்றாலும் இப்போது ஒரு படிவம் வேண்டும். படிவத்துக்கு ஆதார் வேண்டும், ஆதாருக்கு ஒரு போன் நம்பர் வேண்டும். அதனால் அக்காவின் ஒற்றை அறைக் கடையில், ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு பிரிண்டரையும் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.

கட்டம் கட்டமாக இருக்கும் படிவங்களில் எதை எங்கே எழுதுவது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுதான் அந்த மாதிரியை மாட்டினார். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட அதைப் பார்த்துத் தாத்தா பாட்டிக்கு எழுதிக் கொடுத்தார்கள். வந்த சிக்கலும் அதுவேதான். ஆயா வீட்டில் போன் கிடையாது. பேரன் படிவத்தைப் பார்த்தான், மாதிரியைப் பார்த்தான், அதில் இருந்த நம்பரை அப்படியே எழுதிவிட்டான். ஏதோ ஆபீஸ் நம்பர் போல என்று நினைத்துக்கொண்டானாம். ஆயாவும் அப்படியே நினைத்து, பக்கத்து வீட்டு போனிலிருந்து தினம் ஒரு தடவை அந்த ‘ஆபீஸரை’ கூப்பிட்டிருக்கிறார்.

லாரிக்காரர் நல்ல மனுஷர். திட்டவில்லை. அக்கா கெஞ்சிக் கேட்டதும் போனில் பழைய மெசேஜ்களைத் தேடினார்.

“யக்கா, மூணு வாரத்துக்கு முன்னால ஒண்ணு வந்திருக்கு. விளம்பரம்னு விட்டுட்டேன். ஏதோ சான்று சேர்க்கணும்னு போட்டிருக்கான். விண்ணப்ப எண் சொல்லட்டா?”

சொன்னார். அக்கா எழுதிக்கொண்டார். மாதம் 1,200 ரூபாய்க்கான வழி, முன்பின் தெரியாத ஒருவருடைய போனில் மூன்று வாரம் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களையெல்லாம் விசாரித்ததில், இன்னும் இரண்டு பேர் அதே நம்பரை எழுதியிருந்தது தெரிந்தது. அக்காவுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

சென்னையில் சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், அக்காவுடைய அக்காள் மகள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. பொய்யான பெயர், பொய்யான எண், பொய்யான முகவரி போட்டு, செயலி உடைகிறதா என்று பார்ப்பதுதான் அவளுக்குச் சம்பளம். அவளிடம் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தார். அவள் சிரிக்கவில்லை.

“சித்தி, ‘அமரன்’ படத்துல நடந்தது தெரியாதா உங்களுக்கு?”

2024 தீபாவளிக்கு வந்த படம். சாய் பல்லவி ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பரை எழுதி, கசக்கி, சிவகார்த்திகேயனிடம் போடுகிற காட்சி. தியேட்டரில் இருந்தவர்கள் அந்த நம்பரைப் படித்துவிட்டார்கள். அது சென்னையில் இருந்த ஒரு இன்ஜினீயரிங் மாணவருடைய நம்பர். படம் வெளியான நாளிலிருந்து அழைப்புகள் நிற்கவில்லை. பேங்க், ஆதார் என்று எல்லாவற்றோடும் பிணைந்த நம்பரை அவர் எப்படி மாற்றுவார்? 1.1 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. படத்தில் அந்த எண் பிறகு மறைக்கப்பட்டது. அமெரிக்காவில் இதற்காகவே 555-0100 முதல் 555-0199 வரை நூறு எண்களை யாருக்கும் கொடுக்காமல் கதைகளுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

“நம்ம ஊர்ல மொபைல் நம்பர் 6, 7, 8, 9-லதான் ஆரம்பிக்கும். மொத்தம் 400 கோடி நம்பர்தான் சாத்தியம். அதுல 100 கோடிக்கு மேல யாரோ ஒருத்தர் கையில இருக்கு. நீங்க கண்ணை மூடிக்கிட்டு எழுதினாக்கூட நாலுல ஒண்ணு யார் வீட்டுக் கதவையாவது தட்டும் சித்தி.”

பிறகு அடுத்த கேள்வி கேட்டாள். “அதுல ஆதார் நம்பர் யாருது?”

அக்கா கொஞ்சம் தயங்கினார். தன்னுடைய நம்பரையே எழுதி, கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் மாற்றியிருந்தார். ஊரில் மாதிரி போடுகிற பல பேர் செய்கிற வேலை இது. முழுக்கப் பொய்யாக எழுத என்னவோ கை வராது. உண்மையானதை எடுத்து ஓரத்தில் கொஞ்சம் கிள்ளிவிட்டால் போதும் என்று தோன்றும்.

ஆதார் எண்ணுக்குள் இருக்கிற கணக்கு சுவாரஸ்யமானது. 12 இலக்கங்களில் முதல் 11-தான் எண். கடைசி இலக்கம் அவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. டச்சுக்காரரான யாக்கோபஸ் வெர்ஹோஃப் 1969-ல் வெளியிட்ட முறை. ஒரே ஒரு இலக்கத்தைத் தவறாக அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டை இடம் மாற்றி அடித்தாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். ஆனால் இரண்டு இலக்கங்களை இஷ்டத்துக்கு மாற்றினால், ஏறக்குறைய பத்தில் ஒரு தடவை கணக்கு சரியாக உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்த எண் யாருடையதாகவாவது இருக்கலாம்.

எவ்வளவு இருக்கலாம்? அக்காள் மகள் அதற்கும் கணக்கு வைத்திருந்தாள். ஆதார் எண் 0-விலும் 1-லும் ஆரம்பிப்பதில்லை. ஆக, முதல் இடத்துக்கு எட்டு இலக்கம், அடுத்த பத்து இடத்துக்குப் பத்துப் பத்து. மொத்தம் 8,000 கோடி சரியான எண்கள். கொடுத்திருப்பது சுமார் 140 கோடி. கணக்குச் சரியாக இருக்கிற 57 எண்களைக் கற்பனையில் உருவாக்கினால், அதில் ஒன்று நிஜமாகவே ஒரு மனிதருடையது. கணக்குப் பார்க்காமல் வாய்க்கு வந்ததை எழுதினால் 570-ல் ஒன்று.

“57 பேர்னா நம்ம தெருவுல பாதி,” என்றார் அக்கா.

“ஆமா சித்தி. நாங்க ஆபீஸ்ல டெஸ்ட் பண்ண ஒரே நாள்ல பத்தாயிரம் நம்பர் உருவாக்குவோம். அப்போ எத்தனை பேரைத் தொடுவோம்னு பாருங்க. அதனாலதான் ஆதார் ஆணையம் மென்பொருள் செய்றவங்களுக்குன்னு தனியா சோதனை எண்கள் குடுத்திருக்கு, சோதனை சர்வர்ல மட்டும் ஓடுற மாதிரி. ஸ்வீடன்ல வரித்துறையே சோதனைக்கான அடையாள எண்களைப் பட்டியல் போட்டு வெளியிடுது.”

அக்கா சொல்லத் தயங்கிய விஷயம் வேறொன்று இருந்தது.

சனி, ஞாயிறுகளில் அவர் மலைப் பெண்பிள்ளைகள் ஒன்பது பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார். கட்டணம் பெரிதாக இல்லை. சில பேர் நெல்லிக்காயும் தேனும் கொண்டுவருவார்கள். எக்ஸெல் பயிற்சிக்கு ஒரு பட்டியல் வேண்டுமே என்று, கடைக்கு வந்தவர்களின் விவரங்களிலிருந்து 43 பேரை எடுத்து ஒரு ஃபைல் செய்திருந்தார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, ஆதார், பேங்க் கணக்கு. “வீட்டுல பழகிப் பாருங்க” என்று ஒன்பது பென்டிரைவிலும் ஏற்றிக் கொடுத்திருந்தார்.

போனின் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“சித்தி... அது பொய் நம்பரைவிட மோசம்.”

2018 ஜூலையில், அப்போது டிராய் தலைவராக இருந்த ஆர்.எஸ்.சர்மா தன்னுடைய ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் இதை வைத்து எனக்குத் தீங்கு செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் நம்பர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் போட்டார்கள். சிலர் அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுவிட்டு அதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். தனக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். ஆனால், இப்படி யாரும் ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போட வேண்டாம் என்று ஆதார் ஆணையமே மக்களுக்கு அறிவுறுத்தியது. அவ்வளவு பெரிய அதிகாரிக்கு ஒன்று நேர்ந்தால் கேட்க நாலு பேர் இருப்பார்கள். மலையில் தனியாக இருக்கிற ஒரு கிழவியின் கணக்கிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் போனால், அது போனது தெரியவே மூன்று மாதம் ஆகும்.

மறுநாள் அக்கா கடையைப் பூட்டினார். ஒன்பது வீடு. சில ஊர்களுக்கு பஸ் கிடையாது, நடைதான். பென்டிரைவை வாங்கி, கொண்டுபோன லேப்டாப்பில் சொருகி, ஃபைலை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டுத் திரும்பிக் கொடுத்தார். ஒரு பிள்ளை அதைத் தன் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள், ஏதோ சந்தேகம் கேட்பதற்காக. அவனையும் பிடித்து அழிக்கவைத்தார். எல்லாம் போய்விட்டது என்று இன்றைக்கும் அவரால் சத்தியம் செய்ய முடியாது.

தன் கம்ப்யூட்டரில் இருந்ததைக் கடைசியாக அழித்தார். அந்தப் பட்டியலின் முதல் வரிசையில் இருந்தது அவருடைய அம்மாவின் பெயர். அம்மா போய் இரண்டு வருஷம். இல்லாதவர் நம்பர்தானே என்றுதான் முதலில் அதை எழுதியிருந்தார். ஆதார் எண்ணை ஒருவருக்குப் பின் இன்னொருவருக்குக் கொடுக்கிற வழக்கமே கிடையாது என்பதை அக்காள் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். பேங்க்கில் அம்மாவின் கணக்கும் இன்னும் மூடப்படாமல் இருந்தது. அந்த வரிசையை அழிக்க மட்டும் கொஞ்ச நேரம் ஆனது.

புது ஃபைல் செய்ய உட்கார்ந்தபோதுதான் சிரமம் தெரிந்தது. பெயரை மாற்றினால் போதும் என்று முதலில் நினைத்தார். இருபது வீடு இருக்கிற ஊரில், எழுபத்திரண்டு வயது, விதவை, இரண்டு ஆடு என்று போட்டால் பெயர் எதற்கு? எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஆகவே உண்மையான ஒரு வரிசையையும் எடுக்காமல், முதலிலிருந்து கற்பனையாகவே எழுதினார். ஆட்களின் பெயர் சாமை, தினை, பலா, கடுக்காய், நெல்லி. ஊரின் பெயர் மாதிரிப்பட்டி. ஆதார் 0-வில் ஆரம்பிக்கட்டும், அப்படி ஒரு எண் யாருக்கும் இருக்காது என்று அடித்தால், எக்ஸெல் முன்னால் இருக்கிற சுழியைத் தின்றுவிட்டது. 12 இலக்கம் 11 ஆகி நின்றது. 1-ல் ஆரம்பித்து அடித்தால், முழு எண்ணையும் காட்டாமல் நடுவில் ஒரு ‘இ’ போட்டுச் சுருக்கியது. கட்டங்களை முதலில் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டு அடிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு அன்றைய பாடமாகவே ஆகிவிட்டது. 1000 0000 0001 என்று ஆரம்பித்து, வரிசையாக 43 பேர்.

பேன் எண்ணுக்கு வழக்கமாக எல்லா இடத்திலும் பார்க்கிற மாதிரியையே வைத்துக்கொண்டார்: ஏ, பி, சி, டி, ஈ, பிறகு 1234, கடைசியில் எஃப். விளையாட்டாக எழுதியது போலத்தான் இருக்கும். ஆனால் பேன் எண்ணின் நாலாவது எழுத்து, வைத்திருப்பவர் யார் என்பதைச் சொல்லும். தனிநபருக்கு ‘பி’, கம்பெனிக்கு ‘சி’. ‘டி’ என்று எந்த வகையும் இல்லை. யோசித்துச் செய்தார்களோ தற்செயலோ, அந்த மாதிரி யார் கழுத்தையும் பிடிக்காது.

கடையில் தொங்குகிற படிவத்தை மாற்றுவதற்கு முன், அக்காள் மகள் இன்னொரு கதை சொன்னாள். 1938-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட்டில் பர்ஸ் செய்கிற ஒரு கம்பெனி. அப்போதுதான் அங்கே சமூகப் பாதுகாப்பு எண் என்று ஒன்று வந்திருந்தது. அந்த அட்டை பர்ஸில் எப்படிப் பொருந்தும் என்று காட்ட, ஒவ்வொரு பர்ஸிலும் ஒரு மாதிரி அட்டை வைத்தார்கள். அதில் அச்சடித்தது, கம்பெனி துணைத் தலைவரின் செயலாளராக இருந்த பெண்மணியின் உண்மையான எண். நிஜ அட்டையில் பாதி அளவு, முழுக்கச் சிவப்பு அச்சு, ‘மாதிரி’ என்ற வார்த்தை வேறு. இருந்தும், பர்ஸ் வாங்கியவர்கள் அதைத் தங்கள் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். 1943-ல் மட்டும் 5,755 பேர் அந்த எண்ணைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லா வருஷமும் சேர்த்து 40,000-க்கு மேல். 1977-லும் 12 பேர் விடவில்லை. அந்த அம்மாவுக்குப் புது எண் கொடுத்தார்கள். தன் சொந்த எண்ணை மற்றவர்களுக்காக விட்டுக்கொடுத்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

“அப்போ யாருக்கும் இல்லாத நம்பரைப் போட்டிருந்தா சரியாப் போயிருக்கும் இல்ல?” என்று கேட்டார் அக்கா.

“அதுவும் நடந்திருக்கு சித்தி. 1940-ல அரசாங்கமே ஒரு கையேட்டுல கற்பனை எண் போட்டுச்சு. 22 வருஷம் கழிச்சு, யூட்டா மாநிலத்துல ப்ரோவோங்கிற ஊர் ஆபீசுக்கு ஒரு அம்மா வந்து, ‘என் நம்பரை வேலை கொடுக்கிறவர் ஏத்துக்க மாட்டேங்கிறார்’னு சண்டை போட்டாங்களாம். இது உங்க நம்பரா இருக்க முடியாதுன்னா, அந்தக் கையேட்டையே எடுத்து நீட்டியிருக்காங்க, இதோ பாருங்கன்னு.”

அக்காவுக்கு ஆயாவின் பேரன் முகம் ஞாபகம் வந்தது.

வானாய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அடிக்கடி கடைக்கு வருவார். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, எங்கள் பக்கத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டே என்றார். இதே காவலூரில் 1988 பிப்ரவரியில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். உடனே அதற்கு நிரந்தர எண் வரவில்லை. ‘1988 டிக்யூ1’ என்று ஒரு தற்காலிகப் பெயர். ‘டி’ என்றால் பிப்ரவரியின் பின்பாதி. அதன் பாதை உறுதியான பிறகுதான் 4130 என்ற எண்ணும், ராமானுஜன் என்ற பெயரும் கிடைத்தன. “பார்த்த உடனே தெரிஞ்சிடும்மா, இது தற்காலிகம், இது நிரந்தரம்னு. ரெண்டும் ஒரே ஜாடையில இருந்தா குழப்பம்தான்” என்றார் அவர். அக்காவுக்கு வேண்டியிருந்த யோசனை அதில் கிடைத்தது.

புது மாதிரிப் படிவத்தில் ஆதார் கட்டத்தில் 0000 0000 0000. போன் கட்டத்தில் பத்து சுழி. இரண்டு கட்டத்துக்கும் மேலே அம்புக்குறி போட்டு, “உங்க நம்பரை எழுதுங்க” என்று கை எழுத்தில். குறுக்கே சிவப்பில் பட்டையாக ‘மாதிரி’. போன் இல்லாதவர்கள் என்ன செய்வது என்பதற்கும் கீழே ஒரு வரி சேர்த்தார்: “போன் இல்லையா? அக்காவிடம் கேளுங்கள்.” இது அந்த அமெரிக்க அட்டையில் இல்லாதது. வெறுமனே கட்டத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கிறவருக்கு என்ன வழி என்று சொல்லாவிட்டால், அவர் கண்ணில் படுகிற எதையாவது எழுதத்தான் செய்வார்.

பெயர் கட்டத்தில் ‘மாதிரி அம்மாள்’ என்று எழுதினார். கணவர் பெயர் ‘உதாரணம்’. பிறந்த தேதி 30-02-1950. அப்படி ஒரு தேதியே கிடையாது என்பதை இதுவரை கடைக்கு வந்தவர்களில் இரண்டு பேர்தான் கவனித்திருக்கிறார்கள்.

லாரிக்காரருக்கு ஒரு கூடை பலாச்சுளை அனுப்ப வேண்டும் என்று ஆயாவுக்கு ஆசை. தூத்துக்குடி வரை அது தாங்காது என்று சொல்லி, அரை லிட்டர் மலைத்தேன் அனுப்பினார்கள். சேர்க்கச் சொன்ன சான்றைச் சேர்த்து, போன் நம்பரையும் திருத்தி, ஆயாவின் விண்ணப்பம் மறுபடியும் போயிருக்கிறது.

போன வாரம் ஆயா கடைக்கு வந்தார். பேரன் புது மாதிரியை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான். ஆயா அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பாப்பா, இந்த மாதிரி அம்மா எந்த ஊரு? அவளுக்காவது பணம் வந்துச்சா?”